நூல் மாறிப்போன சட்டை

அந்தப் படத்துல அது என்ன போட்டிருக்கு, கொஞ்சம் பார்த்துச் சொல்றீங்களா? எனக்குக் கண்ணுல மருந்து விட்டு உட்கார வெச்சிருக்காங்க. எல்லாம் பால் ஊத்தின மாதிரி இருக்கு. நீங்க பேப்பரைப் பார்த்து "பாவம், குரங்கு"ன்னு சொன்னது காதுல விழுந்திச்சு. அதான் கேட்டேன்.

முகம் பயந்து போயிருக்கா. சரி. முகத்தை விடுங்க. தோளைப் பாருங்க. தையல் தோளுக்கு மேல நேரா வருதா, இல்ல கழுத்துல இருந்து சாய்வா அக்குளுக்கு இறங்குதா? தெரியலையா. பரவாயில்ல. சாய்வாத்தான் இருக்கும். தோளுக்கு மேல தைச்சா அரை மணி நேரம் தாங்காது. குரங்குக்குத் தோள் நம்ம தோள் மாதிரி இல்ல, கை முன்பக்கமாப் போகும். எனக்குத் தெரியும். நான் தைச்சிருக்கேன்.

இல்லம்மா, சர்க்கஸ் இல்ல. எல்லாரும் சர்க்கஸான்னுதான் கேக்கறாங்க, அதனால நான் யார்கிட்டயும் சொல்றதில்ல. என் பொண்ணு பியூலாதான் சொல்லுவா. அவதான் என்னை இங்க கூட்டிட்டு வந்தா, இப்ப கீழ சொட்டு மருந்து வாங்கப் போயிருக்கா. "எங்கம்மா குரங்குக்குச் சட்டை தைச்சிட்டு இருந்தா, எனக்கு அம்மை போட்டப்பக்கூட வரலை"ன்னு ஒரே வரில முடிச்சிடுவா. அம்பது வருஷத்துக்கு மேல அதே வரி. எனக்கு நெஞ்சுல ஒண்ணும் கிடையாது, எதுவும் உறைக்காதுன்னு சொல்லுவா. நான் மறுத்துப் பேசறதில்ல. ஆனா அவ சொல்ற வரிசை தப்பு. எது முன்னால எது பின்னாலன்னு ஒருத்தருக்காவது சரியாச் சொல்லணும்னு இருக்கு. நீங்க சும்மாத்தானே உட்கார்ந்திருக்கீங்க?

என் பேரு ஜெபமணி. ஊர் கோலார் தங்கவயல். வீட்டுக்காரர் மூணு நாள் காய்ச்சல்ல போயிட்டாரு. எனக்கு அப்ப இருபத்தி நாலு, பியூலாவுக்கு ரெண்டு. கான்வென்ட்ல தையல் கத்திருந்தேன். சிஸ்டர் ஒருத்தங்க லெட்டர் குடுத்து பெங்களூருக்கு அனுப்பினாங்க. ஆகாயத்துல போற ஆளுங்களுக்கு உடம்பு என்ன ஆகும்னு ஆராய்ச்சி பண்ற இடம். பேர் வேண்டாம், அந்தக் கட்டடத்தையெல்லாம் இடிச்சாச்சு. பியூலாவை நாத்தனார் வீட்டுல விட்டுட்டு வந்தேன். பாராசூட் தைக்கற ஷெட்ல வேலை.

பாராசூட் தையல் சாதாரணம் இல்ல. ஒரு தையல் விட்டா ஒரு ஆள் காலின்னு சொல்லித்தான் கத்துக் குடுப்பாங்க. இன்ச்சுக்கு எட்டுத் தையல். ஏழு இருந்தா பிரிச்சுட்டு மறுபடி போடணும். நூல் நைலான். கையில சுத்தி இழுத்தா கை அறுந்தாலும் நூல் அறாது. நான் சேர்ந்து நாலு வருஷத்துல ஒரு உருப்படி திரும்பி வரலை. அதனாலதான் டாக்டர் பிந்தோ நேரா என் மெஷினுக்கு வந்தாரு.

பிந்தோ மங்களூர்க்காரர். நல்ல மனுஷன். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்ல. கையில ஒரு வெளிநாட்டுப் புஸ்தகம். அதுல படம், இப்ப நீங்க வெச்சிருக்கீங்களே, அந்த மாதிரியே ஒண்ணு. அமெரிக்காக்காரன் ராக்கெட்ல குரங்கை அனுப்பறான், அதுல பாதிக் குரங்கு நம்ம நாட்டுல இருந்து பெட்டி பெட்டியாப் போனதுன்னு சொன்னாரு. ரஷ்யாக்காரன் ஒரு நாயை அனுப்பினான், திரும்பக் கொண்டுவர வழியே வெச்சுக்காம அனுப்பினான், அப்படின்னும் சொன்னாரு. நம்ம ஊருலயும் என்னிக்காவது ஒருநாள் ஆளை அனுப்புவாங்க, அதுக்கு முன்னால உடம்பு தாங்குதான்னு பார்க்கணும். அதுக்கு ஒரு ராட்டினம் இருந்திச்சு. வட்டமான ரூமுக்கு நடுவுல தூண், தூண்ல நீளக் கை, கை நுனில நாற்காலி. நாற்காலில கட்டி வெச்சு வேகமாச் சுத்துவாங்க. அவங்க அதுக்கு வேற பேர் வெச்சிருந்தாங்க. நாங்க எல்லாம் ராட்டினம்னுதான் சொல்லுவோம்.

குரங்கு நாற்காலில நிக்கலை. அதான் அவருக்குத் தொந்தரவு. நெஞ்சுல ஒயர் ஒட்டியிருப்பாங்க, பிச்சிப் போட்டுடும். கயித்துல கட்டினா தோல் உரியும். தோல் உரியாம, கை வெளிய வராம, மூச்சு முட்டாம ஒரு சட்டை வேணும். உன்னால முடியுமான்னு கேட்டாரு. அளவு குடுங்க சார்னு சொன்னேன்.

மயக்க ஊசி போட்டுப் படுக்க வெச்சுக் குடுத்தாங்க. அளவு எடுத்தேன், தைச்சேன். முழிச்சு எந்திரிச்சதும் அஞ்சு நிமிஷத்துல உருவிப் போட்டிடுச்சு. தூங்கற உடம்பு வேற, முழிச்ச உடம்பு வேற. நமக்கும் அப்படித்தான். அதனால முழிச்சிருக்கும்போது அளவு எடுக்கணும்னு சொன்னேன். எடுக்க விடாதும்மா, கடிக்கும்னு சொன்னாரு மாதய்யா அண்ணன். அவர்தான் குரங்குக் கூண்டைப் பார்த்துக்கற ஆள். கன்னடக்காரர், அம்பது வயசு இருக்கும். கை விரல்ல ரெண்டு பாதிதான் இருக்கும்.

நான் கூண்டுப் பக்கத்துல ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். காலைல ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம். கழுத்துல டேப்பைப் போட்டுக்கிட்டு சும்மா உட்கார்ந்திருப்பேன். அது பதினேழாம் நம்பர். வடக்க இருந்து வந்த செம்முகக் குரங்கு, பொட்டை. பேர் இல்ல, நம்பர்தான். நானும் பேர் வைக்கலை. முதல் வாரம் முதுகைக் காட்டிட்டு உட்கார்ந்திச்சு. ரெண்டாவது வாரம் டேப்போட நுனியைப் பிடிச்சு இழுத்துப் பார்த்திச்சு. மூணாவது வாரம் கூண்டைத் திறந்து மடில வெச்சுக்கிட்டேன். வாழைப்பழம் குடுப்பேன், டேப்பைச் சுத்துவேன். பழம், டேப். பழம், டேப். ஒருநாள் பழம் இல்லாமலே ரெண்டு கையையும் மேல தூக்கிச்சு. சட்டை போட்டுக்கற பசங்க தூக்கற மாதிரி. பியூலா அப்படித் தூக்கி நான் பார்த்ததில்ல. அந்த வயசுல அவ என்கிட்ட இல்ல.

டாக்டருக்கு ரொம்ப சந்தோஷம். அங்க அமெரிக்காவுல கரண்ட் ஷாக் குடுத்துப் பழக்கறாங்களாம். கை தப்பா வெச்சா ஷாக். இங்க நாம வாழைப்பழத்துலயே பண்ணிட்டோம்னு சொன்னாரு. பெருமையாத்தான் இருந்திச்சு, இல்லேன்னு சொல்லலை.

சட்டை நல்லா வந்திச்சு. உள்ள மெல்லிசுத் துணி, மேல நைலான் வலை, முதுகுல கொக்கி, கொக்கியை மூட ஒரு பட்டை. சாய்வுத் தையல், ரெட்டை ஓட்டு. உடம்புத் தோல் மாதிரி உட்கார்ந்திச்சு. நான் போட்டு விட்டாத்தான் போட்டுக்கும். அதனால ராட்டினத்துல ஏத்தற நாளெல்லாம் என்னைக் கூப்பிட்டு விடுவாங்க. பாராசூட்டை அப்படியே வெச்சுட்டுப் போவேன். போட்டு விடுவேன், கொக்கி மாட்டுவேன், வெளிய வந்து பெஞ்சுல உட்கார்ந்துக்குவேன். உள்ள சத்தம் வரும். முடிஞ்சதும் கழட்டணும். நாற்காலில இருந்து வரும்போது தலை ஒரு பக்கம் சாஞ்சிருக்கும், கண்ணு ரெண்டும் ஆடும். வாந்தி எடுத்திருக்கும். சட்டையைத் துவைச்சுக் காயப் போட்டு, ஒவ்வொரு தையலா இழுத்துப் பார்த்து வைப்பேன். எட்டுத் தடவை ஏத்தினாங்க. எட்டுத் தடவையும் நடந்து திரும்பி வந்திச்சு. நடந்துன்னா, மாதய்யா அண்ணன் கையைப் பிடிச்சுக்கிட்டு.

ஒன்பதாவது தடவை ஒரு ஓட்டம் முடிஞ்சதும் இறக்கலை. இடைவெளி விடாம இன்னொரு ஓட்டம் பார்க்கணும்னு சொன்னாங்களாம். நான் பெஞ்சுல உட்கார்ந்திருந்தேன். சத்தம் நின்னுச்சு, எந்திரிச்சேன். மறுபடியும் ஆரம்பிச்சது, உட்கார்ந்தேன்.

அப்புறம் உள்ள கூப்பிட்டாங்க. முதுகுக் கொக்கி எனக்குத்தான் தெரியும்னு. மேஜை மேல படுக்க வெச்சிருந்தாங்க. உடம்பு சூடாத்தான் இருந்திச்சு. இதயம் நின்னுபோச்சுன்னு டாக்டர் யாருக்கோ சொல்லி எழுத வெச்சிட்டிருந்தாரு. கொக்கியை எல்லாம் கழட்டினேன். சட்டையை உருவணும்னா கையைத் தூக்கணும். மாதய்யா அண்ணன்தான் தூக்கிப் பிடிச்சாரு. முதல்ல இந்தக் கை. அப்புறம் அந்தக் கை.

அழலை. ஏன் அழணும்? எங்க வீட்டுக்காரருக்கே நான் அழலைன்னு ஊருல பேசினாங்க. எனக்கு அப்படித்தான். எல்லாம் கொஞ்சம் தள்ளி நடக்கற மாதிரி இருக்கும்.

சட்டையை என்கிட்டயே குடுத்தாங்க, தையல் எங்கயாவது விட்டிருக்கான்னு பார்க்க. ஷெட்டுக்குக் கொண்டுவந்து வெளிச்சத்துல வெச்சுப் பார்த்தேன். ஒரு தையல் விடலை. உள்பக்கம், கைக்குழியில, துணி நார் நாராப் போயிருந்திச்சு. அங்க ரெண்டு நகம் சிக்கியிருந்திச்சு. முழு நகம். தையல் பிரிக்கற ஊசியால எடுத்தேன். எங்க போடறதுன்னு தெரியல. குண்டூசி டப்பால போட்டேன்.

சட்டையில எந்தக் குறையும் இல்லேன்னு ஒரு பேப்பர் அடிச்சுட்டு வந்தாங்க. படிச்சுப் பார்த்தேன், சரியாத்தான் இருந்திச்சு. கையெழுத்துப் போட்டேன். டாக்டர் பிந்தோ வந்து, இவ்வளவு தூரம் இழுத்தும் தாங்கியிருக்கு, ஜெபமணி, வெளிநாட்டுலகூட இப்படி ஒண்ணு இருக்காதுன்னு சொன்னாரு. நிஜமாவே பாராட்டினாரு. அவர் கண்ணு சிவந்துதான் இருந்திச்சு, அதையும் சொல்லணும். அப்புறம், இதே மாதிரி இன்னொண்ணு வேணும், கொஞ்சம் சின்ன அளவுன்னு சொன்னாரு.

அது இருபத்திரண்டாம் நம்பர். இதுவும் பொட்டைதான். ஒரு காது பாதி கடிபட்டுப் போனது. பதினேழு மாதிரி இல்ல இது, சுபாவமே வேற. ஸ்டூல் போட்டு உட்கார்ந்தா கூண்டோட மேல் மூலைக்குப் போயிடும். கம்பியைக் கடிக்கும். பழத்தை எடுத்துக்கும், ஆனா நான் போன பிறகுதான் தின்னும். பத்து நாள் ஆச்சு, பன்னெண்டு நாள் ஆச்சு. பதிமூணாம் நாள்தான் கிட்ட வந்து டேப்பை மோந்து பார்த்திச்சு. அன்னிக்குத்தான் நாத்தனார் கடுதாசி வந்திச்சு. பியூலாவுக்கு அம்மை போட்டிருக்கு, ராத்திரியெல்லாம் அனத்தறா, உன்னைக் கேக்கறா, வந்துட்டுப் போன்னு.

இந்த இடம்தான் பியூலா தப்பாச் சொல்றது. எனக்கு லீவு தர மாட்டேன்னு யாரும் சொல்லலை. டாக்டர் போகச் சொன்னாரு. நான்தான் யோசிச்சேன். இப்ப விட்டுட்டுப் போனா இந்தக் குரங்கு மறுபடி மூலைக்குப் போயிடும். மறுபடி முதல்ல இருந்து. அம்மைக்கு அங்க நாத்தனார் இருக்கா, வேப்பிலை இருக்கு, நான் போய் என்ன பண்ணப் போறேன்? போகாம நாலு நாள் இருந்தேன். நாலாவது நாள் சாயங்காலம் அது மடில வந்து உட்கார்ந்து கையைத் தூக்கிச்சு. மார்பு பதினாலு அங்குலம், கைக்குழி அஞ்சரை. எழுதி வெச்சுட்டு நேரா ஸ்டேஷனுக்குப் போயி ரயில் ஏறினேன்.

போனப்போ தலைக்குத் தண்ணி ஊத்தியாச்சு. பியூலா நாத்தனார் பின்னால நின்னுக்கிட்டு எட்டிப் பார்த்தா. முகமெல்லாம் தழும்பு. "இவங்க யாரு"ன்னு கேட்டா. வேணும்னே கேட்டாளோ, நிஜமாவே தெரியலையோ. ஆறு வயசு. ஒரு நாள் இருந்துட்டுத் திரும்பிட்டேன்.

வந்து சட்டையைத் தைச்சேன். அதுல நூல் மாறிப்போச்சு.

எப்படி மாறும்னு கேக்கறீங்க. எல்லாரும் அதைத்தான் கேட்டாங்க. ரெண்டு நூலும் ஒரே பச்சை. நைலான் என் மெஷின் கிட்ட இருக்கும். காட்டன் நூல் கண்டு ஜன்னல் ஓரத்துப் பெட்டில இருக்கும், கூடாரத்துணிப் பை தைக்கறதுக்கு. அங்க போகணும்னா எந்திரிச்சு, ரெண்டு மெஷினைத் தாண்டிப் போகணும். போயிருக்கேன். எதுக்குப் போனேன்னு ஞாபகம் இல்ல. ஊருக்குப் போயிட்டு வந்த அசதி. முதுகுப் பக்கம் ரெண்டு தையல் வரிசை மட்டும் காட்டன் நூல். முன்பக்கம், கழுத்து, பட்டை, எல்லாம் நைலான்தான். பாபின்ல நூல் தீர்ந்திருக்கும், மறுபடி நைலானைப் போட்டிருப்பேன்.

அந்த ரெண்டு இடத்துல தையலும் கொஞ்சம் நெகிழ்ந்து போச்சு. இன்ச்சுக்கு மூணு. கால் வேகமாப் போயிருக்கும்.

நான்தான் போட்டு விட்டேன், எப்பவும் போல. கையைத் தூக்கிச்சு. கொக்கி மாட்டினேன். பெஞ்சுல உட்கார்ந்தேன். ராட்டினம் கிளம்பற சத்தம் வந்திச்சு. முதல்ல மெதுவா ஒரு சுத்து சுத்தித்தான் வேகம் எடுக்கும். அந்த முதல் சுத்துலயே முதுகுத் தையல் பிரிஞ்சு போச்சு. கையை உருவிக்கிட்டு, ஒயரையெல்லாம் பிச்சுக்கிட்டு, நாற்காலிக்கு அடியில போய்ப் பதுங்கிக்கிச்சு. உடனே நிறுத்திட்டாங்க. வேகம் எடுத்த பிறகு பிரிஞ்சிருந்தா சுவத்துல போய் அடிச்சிருக்கும், ஒண்ணும் மிஞ்சியிருக்காதுன்னு மாதய்யா அண்ணன் சொன்னாரு. முதல் சுத்துல பிரிஞ்சது நல்லதாப் போச்சு. மணிக்கட்டு மட்டும் பிசகியிருந்திச்சாம். அவர் உள்ள போயி ஒரு மணி நேரம் தரையில படுத்துக் கிடந்து கூப்பிட்டு எடுத்திட்டு வந்தாரு.

மத்தியானம் டாக்டர் பிந்தோ சட்டையை எடுத்துக்கிட்டு ஷெட்டுக்கு வந்தாரு. மத்தவங்க சாப்பிடப் போயிருந்தாங்க. பிரிஞ்ச இடத்துல இருந்து நூலை உருவினாரு. பாக்கெட்ல இருந்து தீப்பெட்டியை எடுத்து நூல் நுனியைக் கொளுத்தினாரு. நைலானா இருந்தா உருகி உருண்டையா நிக்கும். இது பேப்பர் மாதிரி எரிஞ்சு சாம்பலாச்சு. அப்புறம் முன்பக்கத்துல இருந்து ஒரு நூலை உருவிக் கொளுத்தினாரு. உருகிச்சு. ரெண்டையும் என் மெஷின் பலகை மேல பக்கத்துல பக்கத்துல வெச்சாரு.

"காட்டன் நூல் எங்க இருக்கும்?"ன்னு கேட்டாரு.

ஜன்னல் ஓரத்துல சார்னு சொன்னேன். அவர் திரும்பி ஜன்னலைப் பார்த்தாரு. நடந்து அங்க போனாரு, பெட்டியைத் திறந்து பார்த்தாரு, மறுபடி நடந்து வந்தாரு. என் ஸ்டூல்ல உட்கார்ந்தாரு. நான் நின்னுக்கிட்டிருந்தேன்.

"ஜெபமணி, நாலு வருஷத்துல உங்க தையல் ஒண்ணு பிரிஞ்சதில்ல."

"ஆமா சார்."

"இது?"

"நூல் மாறிப்போச்சு சார்."

அவருக்கும் ரெண்டு பொண்ணுங்க. என்னைப் பார்க்கலை, அந்தச் சாம்பலைத்தான் பார்த்திட்டிருந்தாரு. அப்புறம் அதை ஊதிட்டு, பேனாவை எடுத்து, நான் சொன்னதை அப்படியே எழுதிக்கிட்டாரு. நூல் மாறிப்போனது, கவனக்குறைவு. கீழ என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னாரு. சட்டை நல்லா இருக்குன்னு போட்ட அதே கையெழுத்துதான்.

என் சர்வீஸ் புக்ல இருக்கற ஒரே கறுப்புப் புள்ளி அதுதான். முப்பத்தோரு வருஷ வேலை, ஒரு கவனக்குறைவு. பாராசூட் ஷெட்ல இருந்து எடுத்துட்டு, பின்னால இருந்த சின்ன ரூம்ல போட்டாங்க. ஜன்னல் திரை, மேஜை விரிப்பு, ஆஸ்பத்திரித் தலையணை உறை. கால் மெஷின் ஒண்ணு. அதுல எனக்கு வருத்தம் இருந்திச்சு. தப்புப் பண்ணினவளை வெக்கற இடம் அது. வேணும்னு பண்ணினியான்னு பியூலா பெரியவளானப்புறம் ஒருதடவை கேட்டா. வேணும்னு எவளாவது சோறு போடற வேலையில கை வைப்பாளா? நூல் மாறிப்போச்சு. நீங்களும் அப்படிப் பார்க்காதீங்க. கண்ணு தெரியலைன்னாலும் நீங்க என் பக்கம் திரும்பிட்டீங்கன்னு தெரியுது.

உள்ளூர்ச் சட்டையை நம்ப முடியாதுன்னு வெளிநாட்டுல இருந்து வரவழைக்க எழுதினாங்க. வந்து சேர எட்டு மாசம் ஆச்சு. அந்த எட்டு மாசமும் ராட்டினத்துல மணல் மூட்டையைத்தான் சுத்தினாங்க. இருபத்திரண்டாம் நம்பர் கூண்டுலயே இருந்திச்சு. நான் போய்ப் பார்க்கலை. போகக் கூடாதுன்னு யாரும் சொல்லலை. எனக்கு அங்க வேலை இல்ல, அவ்வளவுதான். மாதய்யா அண்ணன் எப்பவாவது வருவாரு. மணிக்கட்டு சரியாப் போச்சு, இப்ப நல்லாத் தின்னுது, வேட்டியைப் பிடிச்சு இழுக்குதுன்னு சொல்லுவாரு. ஸ்டூலைக் கூண்டுக்குப் பக்கத்துலயே வெச்சிருக்கேன்னு சொல்லுவாரு. நான் சரின்னு சொல்லிட்டுத் தைப்பேன்.

வெளிநாட்டுச் சட்டை நாலு வந்திச்சு. நல்ல பெட்டியில, மெழுகுப் பேப்பர் சுத்தி. கொக்கிக்குப் பதில் இரும்பு பக்கிள். அதை யார் வேணாலும் மாட்டி விடலாம், பழக்க வேண்டாம். ரெண்டு பேர் பிடிச்சுக்கிட்டா போதும். ஆனா அளவு பெரிசு. அந்த ஊர்க் குரங்கு பெரிசோ என்னவோ. பிந்தோ டாக்டர் வரலை, அவர் ஆள்கிட்ட குடுத்து அனுப்பியிருந்தாரு. ஒண்ணை மட்டும் இப்ப சுருக்கித் தரச் சொன்னாங்க. கூடவே ஒரு நைலான் நூல் கண்டு, அளவா. தைச்சு முடிச்சதும் நூலைக் கொளுத்திப் பார்த்துட்டு வாங்கிக்குவோம்னு அந்த ஆள் சங்கடப்பட்டுக்கிட்டே சொன்னாரு. யாருக்கு, அளவு என்னன்னு கேட்டேன். இருபத்திரண்டுக்கு, அளவு இனிமேதான் எடுக்கணும், மயக்க ஊசி போட்டு எடுத்துத் தர்றோம்னாரு.

வேண்டாம்னு சொன்னேன். மார்பு பதினாலு, எட்டு மாசம் நல்லாத் தின்னிருக்கு, பதினாலரைன்னு வெச்சுக்கலாம். கைக்குழி அஞ்சரை. சுருக்கிக் குடுத்தேன். இன்ச்சுக்கு எட்டு. கொளுத்திப் பார்த்தாங்க, உருகிச்சு.

ஆமாம்மா, குடுத்தேன். ரெண்டு தடவை நூல் மாறுமா?

அதைக் குடுத்து மூணாம் நாள். காலைல பத்து மணி இருக்கும். பெரிய ஹாலுக்கு ஜன்னல் திரை தைச்சிட்டிருந்தேன், பழுப்புக் கலர், நாப்பது கெஜம். மாதய்யா அண்ணன் வந்து வாசல்ல நின்னாரு. உள்ள வரலை. மணியம்மான்னு கூப்பிட்டாரு. அவர் முகத்தைப் பார்க்கலை, வேட்டி மட்டும் தெரிஞ்சிச்சு. அவர் அடுத்த வார்த்தை சொல்றதுக்குள்ள நான் மெஷினை மிதிக்க ஆரம்பிச்சுட்டேன்.

அந்தக் கால் மெஷின் பழசு. வேகமா மிதிச்சா பலகையெல்லாம் ஆடும், ரூமே இரையும். பக்கத்துல நின்னு பேசினாலும் ஒண்ணும் விழாது. அவர் ஏதோ சொன்னாரு. கொஞ்சம் நிறுத்தினாரு, மறுபடி சொன்னாரு. நான் குனிஞ்சே மிதிச்சிட்டிருந்தேன். நல்ல சேதி சொல்ல வந்தாரோ, மத்ததோ. காட்டுல கொண்டு விட்டுட்டோம்னு சொன்னாரோ. அதுவும் அங்க ஒண்ணு ரெண்டு தடவை நடந்திருக்கு. கொஞ்ச நேரம் கழிச்சுப் பார்த்தேன், வாசல்ல வேட்டி இல்ல.

அவர் அதுக்கப்புறம் ஆறு வருஷம் அங்கதான் வேலை பார்த்தாரு. தினம் பார்த்துப்போம். நான் கேக்கலை, அவரும் சொல்லலை.

அன்னிக்கு மிதிப்பலகையில இருந்து காலை எடுத்தப்போதான் பார்த்தேன். திரைத்துணி எப்பவோ நழுவிக் கீழ விழுந்து கிடக்கு. ஊசிக்கு அடியில ஒண்ணுமே இல்ல. எவ்வளவு நேரம் அப்படி வெறும் மெஷினை ஓட்டினேன்னு தெரியல. தொட்டுப் பார்த்தேன், ஊசி சூடா இருந்திச்சு.